காலி எடை

என் மேசை இழுப்பறையில் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு இருக்கிறது. எல்லாம் லாரி எடைச் சீட்டு. முன்பக்கத்தில் வண்டி எண், தேதி, நேரம், மொத்த எடை, காலி எடை, சரக்கு எடை என்று அச்சாகியிருக்கும். பின்பக்கத்தில் நீல நிறப் பேனாவில் நான் செல்போனில் காசு வைத்து ஆடிய போக்கர் சீட்டாட்டங்களின் கணக்கு. இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது, அதைத் தூக்கிப் போடவும் மனசு வரவில்லை, எடுத்துப் பார்க்கவும் மனசு வரவில்லை. 2025 ஆகஸ்டில் காசு வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு மத்திய அரசு மொத்தமாகத் தடை போட்டபோது ஆபீசில் ஆளாளுக்கு ஒரு கருத்துச் சொன்னார்கள். என்னையும் கேட்டார்கள். எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கட்டை எழுதிக் கொடுத்த மனிதரைப் பற்றி ஒரு முடிவுக்கு வராமல் அந்த ஆட்டத்தைப் பற்றி நான் என்ன சொல்ல முடியும்?

அவரைப் பேர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எங்கள் பக்கம் அவர் கப்பல்காரர். எனக்கு அண்ணா. ராயபுரத்தில் பிறந்தவர். 19 வருஷம் சரக்குக் கப்பல்களில் இன்ஜின் ரூமில் வேலை பார்த்து, முழங்கால் போனதும் கரைக்கு வந்து, எண்ணூர் விரைவுச் சாலைப் பக்கம் ஒரு எடைமேடையில் நைட் டூட்டிக்குச் சேர்ந்தார். நான் ஏற்றுமதி கிளியரிங் ஆபீசில் டாக்குமென்ட் வேலை பார்க்கிறேன். 2016 ஜூலையிலிருந்து எடையை உறுதி செய்து காட்டாத எந்த ஏற்றுமதிக் கன்டெய்னரையும் கப்பலில் ஏற்ற முடியாது என்பதால், பல ராத்திரி வண்டியோடு நானும் எடைமேடையில் போய் நிற்பேன். டிரெய்லர்கள் துறைமுக வாசல் வரைக்கும் வால் நீட்டி நிற்கும் அந்தச் சாலையில் காத்திருப்பதுதான் பாதி வேலை. காத்திருக்கிற நேரமெல்லாம் செல்போனில் போக்கர். ஊரடங்கில் பிடித்த பழக்கம். நடுவில் மாநில அரசு தடை போட்டது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்ததும் ஆப் திரும்பி வந்தது, நானும் திரும்பி வந்தேன்.

அவரோடு முதல் பேச்சே ஒரு ஆட்டத்தின் மேல்தான். என் கையில் இரண்டு ஹார்ட். மேசையில் விழுந்த நாலு சீட்டில் இரண்டு ஹார்ட். கடைசிச் சீட்டு இன்னொரு ஹார்ட்டாக விழுந்தால் ஃப்ளஷ், அதாவது ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு. பானை, அதாவது நடுவில் சேர்ந்த பணம், எனக்கு. அதில் 600 ரூபாய் இருந்தது. எதிராளி இன்னொரு 600 வைத்தான். நான் யோசிக்கவே இல்லை, நானும் 600 போட்டு 'கால்' பண்ணினேன். ஹார்ட் விழுந்தது. எடைமேடை ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சந்தோஷத்தில் கத்தியேவிட்டேன். உள்ளே இருந்தவர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, "இன்னா ஆச்சு?" என்றார். சொன்னேன். அவருக்குப் போக்கர் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. போனை வாங்கி நடந்த ஆட்டத்தைத் திருப்பிப் பார்த்தார். வீணான ஒரு எடைச் சீட்டைக் கவிழ்த்துப் போட்டு எழுத ஆரம்பித்தார்.

கண்ணுக்குத் தெரிந்த ஆறு சீட்டு போக உனக்குத் தெரியாத சீட்டு 46. அதில் உனக்கு ஆகிற சீட்டு 9. ஒன்பது தடவை 1,200 ரூபாய் வரும், ஆக 10,800. மீதி முப்பத்தேழு தடவை 600 ரூபாய் போகும், ஆக 22,200. இரண்டையும் கழித்தார். வந்த 11,400ஐ 46ஆல் வகுத்தார். 248 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு என்னிடம் நீட்டினார். "இந்த ஒரு கால்ல நீ விட்டது இது. கடைக்காரன் கமிஷன இன்னும் சேக்கல." ஆப் நடத்துகிறவனைத்தான் கடைக்காரன் என்றார்.

"ஜெயிச்சிருக்கேனேண்ணா."

"கொருக்குப்பேட்ட கேட்டு மூடியிருக்கு. நீ குனிஞ்சு பூந்து அந்தாண்ட போற. ரயில் வரல. அதுக்காவ நீ பண்ணது கரெக்டா?"

அந்த கேட்டில் வளர்ந்தவன் நான். பதில் சொல்ல முடியவில்லை.

கப்பலில் கற்றுக்கொண்டாராம். பிலிப்பைன்ஸ்காரர்கள், உக்ரைன்காரர்கள், கிரீஸ் நாட்டு ஆபீசர்கள் என்று பல தேசத்து ஆட்கள் மாசக்கணக்கில் ஒரே இரும்புக்குள் அடைந்து கிடக்கும்போது சீட்டுக்கட்டுதான் பொது பாஷை. முதல் இரண்டு வருஷம் சம்பளத்தில் பாதியைத் தோற்றிருக்கிறார். மூன்றாம் வருஷத்திலிருந்து நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தார். அந்த நோட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். டீசல் வாசனை போகாத பதினோரு நீளநோட்டு. ஒவ்வொரு நாளும் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, எந்த ஆட்டத்தில் தப்புச் செய்தேன் என்பது மட்டும் இருக்கும். யாரை ஜெயித்தேன் என்று ஒரு வரி கூடக் கிடையாது.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் திறமை என்றால் என்னவென்று கேரம் போர்டு சின்ன வயசிலேயே காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு தடவை உலக சாம்பியன் ஆன மரிய இருதயம் சென்னைக்காரர். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் 3 தங்கம் வாங்கிய காசிமா வண்ணாரப்பேட்டைப் பெண். தெருவிளக்கு வெளிச்சத்தில் போர்டைப் போட்டு நல்ல ஆட்டக்காரர் ஒருவர் எதிரில் உட்கார்ந்து பாருங்கள், இரண்டாவது போர்டு முடிவதற்குள் நம் தராதரம் நமக்கே தெரிந்துவிடும். காயின் விழுந்தால் விழுந்தது, இல்லாவிட்டால் இல்லை. அங்கே யாரும் வந்து நமக்குச் சொல்லத் தேவையில்லை. போக்கரில் ஒன்றும் தெரியாதவனும் ஒரு ராத்திரி முழுக்க ஜெயிப்பான். எல்லாம் தெரிந்தவனும் ஒரு மாசம் முழுக்கத் தோற்பான். நம் ஆட்டம் மோசம் என்பது நமக்கே தெரிய வருஷக்கணக்காகும், அதற்குள் வீட்டுப் பத்திரம் அடமானத்துக்குப் போயிருக்கும். அதனால்தான் இந்த ஆட்டத்தில் மூஞ்சிக்கு நேராகச் சொல்கிற ஓர் ஆள் இருப்பது உயிர்க்காரியம் என்று இன்று எனக்குப் படுகிறது. அன்று அப்படிப் படவில்லை.

ஒன்றரை வருஷம் அவரிடம் கற்றேன். வாரத்தில் மூன்று ராத்திரியாவது அந்த அறையில் இருப்பேன். லாரி ஏறும்போது தரை மெல்ல அதிரும், சிவப்பு எண்கள் ஓடி ஓடி நிற்கும். அவர் எடையைச் சொல்லிவிட்டுப் பாதியில் விட்ட வாக்கியத்தைத் தொடருவார். "ரெண்டு ஏஸ் எப்ப வரும்?" என்று கேட்பார். 221 கைக்கு, அதாவது 221 தடவை சீட்டுப் போட்டால், ஒரு தடவை என்பேன். "மீதி 220 கைக்கு இன்னா பண்ணுவ, அதச் சொல்லு." அதுதான் அவருடைய பாடம் மொத்தமும். நாலு கையில் மூன்று கையை, மேசையில் சீட்டு விழுவதற்கு முன்னாலேயே போட்டுவிடச் சொல்வார். நான் போரடித்துப் போய் ஏதாவது ஒரு சொத்தைக் கையை ஆடினால், "வேலைக்கு வந்தியா, வேடிக்க பாக்க வந்தியா?" என்பார். எடைமேடை ஓனர் புது வண்டி வாங்கி ஆசையாகக் காட்டியபோது, "இஞ்சின் சத்தம் சரியில்ல, ஏமாந்துட்டீங்க" என்று சொன்னவர் அவர். எடை கூட என்று டிரைவர்கள் சண்டைக்கு வருவார்கள். அவர் குரலை உயர்த்தியதும் இல்லை, எண்ணை மாற்றியதும் இல்லை.

அந்த ராத்திரி

2023 பிப்ரவரி. என் ஆட்டக் கணக்கு முழுவதையும் ஆப்பிலிருந்து இறக்கித் தரச் சொல்லி மூன்று வாரம் முன்னால் வாங்கியிருந்தார். நானே ஆசையாகத்தான் கொடுத்தேன். வேலையை விட்டுவிட்டு இதிலேயே முழு நேரமாக இறங்கலாமா என்று அவரிடம் கேட்டிருந்தேன். ஆப்பிலிருந்து எனக்கு வாரம் ஒரு மெசேஜ் வரும். நீங்கள் சிறப்பு உறுப்பினர், உங்களுக்கு போனஸ், உங்களைப் போன்ற திறமைசாலிக்கு அடுத்த மேசை காத்திருக்கிறது என்று. ஆபீசில் பத்து வருஷமாக ஒருத்தரும் என்னைத் திறமைசாலி என்று சொன்னதில்லை. அவரும் சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் அன்று போனேன். வழியில் பர்மா நூடுல்ஸான அத்தோ கட்டி வாங்கிக்கொண்டு போனேன், கொண்டாட்டம் மாதிரி.

பொட்டலத்தைப் பிரித்து வைத்தேன். அவர் தொடவில்லை. ஒரு சீட்டை எடுத்து வைத்து விரலால் காட்டிக் காட்டிப் பேசினார். "61,000 கை ஆடியிருக்க. மேசையில மத்தவன்கிட்டருந்து நீ ஜெயிச்சது, தோத்தது எல்லாம் கூட்டிக் கழிச்சா 5,500 ரூபா பிளஸ்ஸு." எனக்கு மூச்சு வந்தது. "அதுலருந்து கமிஷன்னு அவன் எடுத்தது 92,000." இதைக் கேட்டதும் நான் எழுந்துகொண்டேன் என்று நினைக்கிறேன். அவர் தலையைத் தூக்கவில்லை. "ஆக, 86,500 உன் கைய விட்டுப் போயிருக்கு. உன் பேங்க்ல பாரு, அதேதான் வரும். மத்தவன ஜெயிச்சிட்ட. கடைய ஜெயிக்கல."

"இன்னும் கொஞ்சம் கத்துக்கிட்டா...?"

"ஒன்ற வருஷமா சொல்லிக் குடுக்கறேன். மொத ஆறு மாசம் ஏறுச்சு. அப்பால நின்னு போச்சு. நீ சுமாரா ஆடற. மோசமா ஆடறவன் ரெண்டு மாசத்துல ஓடிடுவான், தப்பிச்சிடுவான். சுமாரா ஆடறவன்தான் வருஷக்கணக்கா குந்திக்கினு துட்டு கட்டுவான்."

வெளியே ஒரு டிரெய்லர் ஏறி நின்றது. அவர் எழுந்து போய் எடையைப் பார்த்து, சீட்டை அடித்துக் கொடுத்துவிட்டு வந்தார். திரும்பி வந்து அதே குரலில் சொன்னார். "வண்டியில லோடு ஏறும்போது எல்லாரும் பெரிய எடையத்தான் பாப்பான். காலி எடையக் கழிச்சாத்தான் உன் சரக்கு எவ்ளோன்னு தெரியும். நான் கழிச்சுட்டேன். உன்கிட்ட சரக்கு இல்ல. நிறுத்திடு."

பிறகு மேசைக்குக் கீழேயிருந்து அந்தக் கட்டை எடுத்துக் கொடுத்தார். என் ஆட்டங்களில் பெரிய பானையாக இருநூறு பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு. நான் வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் இறங்கினேன். அத்தோ அப்படியே ஆறிக்கொண்டிருந்தது.

நாலு மாசம் அவர் முகத்தில் முழிக்கவில்லை. வண்டியை வேறு எடைமேடைக்கு அனுப்பினேன். கோபம் கணக்கின் மேல் வரவில்லை. பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு ஒத்துப் பார்த்தேன், நூறு ரூபாய் கூட வித்தியாசமில்லை. 'உன்கிட்ட சரக்கு இல்ல' என்ற அந்த ஒரு வார்த்தைதான் சோற்றில் கல் மாதிரி கடிபட்டுக்கொண்டே இருந்தது. கொஞ்சம் பக்குவமாகச் சொல்லியிருக்கக் கூடாதா? ஒரு மனுஷனுக்கு அவன் ஆசைப்பட்ட ஒன்று வராது என்று சொல்வதற்கு ஒரு முறை கிடையாதா? வீம்புக்கு இன்னும் மூன்று வாரம் ஆடினேன். ஆனால் ஒவ்வொரு தடவை கால் பட்டனில் விரலை வைக்கும்போதும் 46, 9, 37 என்று தலைக்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. அந்த ஓட்டத்தோடு ஆட முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆப்பை அழித்தேன்.

அந்தக் கட்டைப் பிரித்துப் பார்த்தது ஜூன் மாசத்தில்தான். பின்பக்கம் எதிர்பார்த்தது போலவே இருந்தது: தப்பு, பயந்து போட்டது, பேராசை, இது பரவால்ல, தப்பு, தப்பு. படித்துக்கொண்டே இருக்கும்போது ஒரு சீட்டு தவறி விழுந்து முன்பக்கம் மேலே வந்தது. தேதி ஜனவரி கடைசி. நேரம் 02:47. அடுத்ததைத் திருப்பினேன். 03:20. அடுத்தது 04:05. பிரிண்டரில் மங்கிப் போய்விட்டது என்று டிரைவருக்கு வேறொன்று அடித்துக் கொடுத்துவிட்டு, கழித்துப் போட்ட சீட்டுகள். இரண்டு லாரிக்கு நடுவில் கிடைத்த பத்துப் பதினைந்து நிமிஷத்தில், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, மூன்று வாரம் ராத்திரி ராத்திரியாக அவர் என் இருநூறு ஆட்டத்தைப் படித்திருக்கிறார். எந்தச் சீட்டிலும் எனக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை இல்லை. ஆனால் என் வாழ்க்கையில் நான் செய்த எந்தக் காரியத்தையும் வேறு யாரும் அவ்வளவு நேரம் உட்கார்ந்து பார்த்ததில்லை.

மறுநாள் வண்டியோடு போனேன். "எங்க ஆளையே காணம்?" என்றார். அவ்வளவுதான். டீ சொன்னார்.

யாருடைய காசு

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். எனக்கு ஆறாத விஷயம் இனிமேல்தான் இருக்கிறது.

அவர் ஆடிக்கொண்டுதான் இருந்தார். பகலில் வீட்டில் ஆப்பில் ஒரே நேரத்தில் நாலு மேசை திறந்து வைத்து, மாசத்துக்கு இவ்வளவு மணி நேரம் என்று கணக்கு வைத்து ஆடுவார், நல்ல காசும் பார்த்தார். 2023 அக்டோபர் 1ஆம் தேதியிலிருந்து, கட்டும் பணம் முழுவதற்கும் 28 சதவீதம் ஜிஎஸ்டி என்று வந்தது. ஜெயித்த பணத்தில் 30 சதவீதம் வரிப் பிடித்தம் அந்த ஏப்ரலிலேயே வந்திருந்தது. ஒரு வாரம் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தார். "கணக்கு இடிக்குது" என்று சொல்லி, இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆடிய ஆட்டத்தை ஒரே நாளில் நிறுத்தினார். எனக்கு அது பெரிய ஆச்சரியம். விட முடியாமல் தவித்தவன் நான். அவருக்கு அது ஒரு எடைமேடையிலிருந்து இறங்குகிற மாதிரி.

அடுத்த மாசம் உயர் நீதிமன்றத்தில் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்று தீர்ப்பு வந்தது. நான் போய்ச் சொன்னேன், நீங்கள் எப்போதும் சொல்வதைத்தானே சொல்லியிருக்கிறார்கள் என்று. அவர் தலையாட்டினார். "கரெக்டுதான். திறமை ஆட்டம்தான். அதான் பிரச்சனையே. அதிர்ஷ்ட ஆட்டம்னா உனுக்கும் ஒரு நாள் வரும். திறமை ஆட்டம்னா உனுக்கு வராது, எனுக்குத்தான் வரும்." அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, "என் பொண்ணு காலேஜ் பீசு எங்கருந்து வந்துச்சுன்ற? உன்ன மாதிரி ஆளுங்ககிட்டருந்துதான்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமையும் இல்லை, வெட்கமும் இல்லை. எடை சொல்கிற முகம்.

தடையை ஆதரிக்கிறவர்களும் எதிர்க்கிறவர்களும் மாறி மாறிப் பேசும்போது என் காதில் ஒலிப்பது அந்தப் பேச்சுதான். திறமை ஆட்டம் என்பதால் அதைத் தடை செய்யாமல் விட வேண்டும் என்பார்கள் எதிர்க்கிறவர்கள். திறமை இருக்கிறவன் சம்பாதிக்கிற ஒவ்வொரு ரூபாயும் திறமை இல்லாதவன் சட்டைப் பையிலிருந்துதான் வர வேண்டும், அதிலும் ஒரு பங்கு கடைக்காரனுக்கு. கேரமில் என்னைத் தோற்கடித்தவன் என் சம்பளத்தை எடுத்துக்கொண்டு போனதில்லை.

எங்கள் தெருவில் ஒரு பையன் இருந்தான். டெலிவரி வேலை, இருபத்திரண்டு வயசு. அந்த எடைமேடைப் பக்கத்து டீக்கடையில் பைக்கில் சாய்ந்துகொண்டு ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஆடுவான். கப்பல்காரர் தினமும் அவனைப் பார்த்திருக்கிறார். டீ குடிக்கும்போது அவன் போனை எட்டிப் பார்த்திருக்கிறார், எவ்வளவு மோசமாக ஆடுகிறான் என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். 2024 பொங்கலுக்கு முந்தின வாரம் லோன் ஆப்காரர்கள் அவன் அம்மாவுக்கும் அக்காவுக்கும் போன் போட்டு அசிங்கமாகப் பேச ஆரம்பித்தார்கள். பைக்கை விற்றுவிட்டு யாருக்கும் சொல்லாமல் திருப்பூருக்குப் போய்விட்டான். அவன் அம்மா கல்மண்டபம் மார்க்கெட்டில் கருவாடு விற்கிறார். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "பையன் போன் பண்ணானாப்பா?" என்று கேட்கிறார்.

நான் அவரிடம் சண்டை போட்டேன். எனக்கு மூன்று வாரம் ராத்திரி கண் முழித்துக் கணக்குப் போட்டீர்களே, அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன். "நீ கேட்ட. அவன் கேக்கல" என்றார். கேட்காதவனுக்குச் சொன்னால் அது புத்திமதி, புத்திமதி கேட்டு யாரும் சீட்டைக் கீழே வைத்ததில்லை என்றார். அதில் நியாயம் இருக்கிறது. என்னிடமே யாராவது வலிய வந்து சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா? என் அப்பா சொன்னார், கேட்கவில்லை. ஆனாலும் அந்தப் பதிலை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மனசில் இருப்பதை அப்படியே சொல்கிற மனுஷன் என்று நான் கொண்டாடிய ஒருவர், சொல்ல வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தார். இரண்டும் ஒரே ஆள். என் பணத்தைக் காப்பாற்றியதும் அவர். என்னைப் போன்றவர்கள் பணத்தில் பெண்ணைப் படிக்க வைத்ததும் அவர். இதில் ஒன்றை எடுத்து இன்னொன்றைக் கழித்து நிகர எடை போட எனக்குத் தெரியவில்லை, போடவும் விருப்பமில்லை. அவரை நான் நேசிக்கிறேன்.

போன வாரம் ராத்திரி வேலை முடிந்து அவரோடு அத்தோ கடைக்குப் போனேன். வாழைத்தண்டு சூப்பை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். பையனின் அம்மாவைப் பார்த்தேன் என்று மட்டும் சொன்னேன், வேறெதுவும் கேட்கவில்லை. அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். கடைக்காரர் மாவுப் பூரியை நொறுக்கிப் போடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றார், எப்போதும் போல.

கொஞ்ச நேரம் கழித்து, சாலையைப் பார்த்துக்கொண்டே, "அவன் வந்து கேக்கறா மாதிரி நான் குந்தியிருக்கணுமோ இன்னாவோ" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. காசைக் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் நடந்தோம். முழங்கால் வலியால் அவர் மெதுவாகத்தான் நடப்பார். அன்று இன்னும் மெதுவாக நடந்தார்.